ரோஷக்காரப் பயறு

தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கமா ஒதுங்கி உக்காருறீகளா? கோவிச்சுக்கிராதீக, உங்க மேல ஒண்ணும் இல்ல. மடியில இருக்குல்ல இந்த மஞ்சப்பை, இது நசுங்கக் கூடாது. சட்டைப் பையில ஒரு பாட்டில் இருக்கு, அது மேலயும் முழங்கை படாமப் பாத்துக்கங்க. உள்ள உசுரு இருக்கு.

அட, எந்திரிக்காதீக. தேளு, பூரான் எல்லாம் இல்ல. வண்டு. பயறு வண்டு. இந்தா பாருங்க, வாயில துணி கட்டிக் காத்துக்கு வழி விட்டிருக்கேன். எங்க ஊரு வண்டு தம்பி. சாட்சி சொல்லக் கூட்டிட்டுப் போறேன்.

சிரிங்க, சிரிங்க. கண்டக்டரும்தான் சிரிச்சாரு. வண்டுக்கும் சேத்து டிக்கெட் போடவான்னாரு. நான் மீசைய ஒரு முறுக்கு முறுக்குனேன், மனுசன் பேசாம முன்னாடி போயிட்டாரு. இந்த மீசைக்கு அப்படி ஒரு மரியாதை. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்குமாவது இருக்கும். அதுக்கப்புறம் இருக்குமா இருக்காதாங்கிறது இந்தப் பையில கிடக்குற தட்டாம்பயறு கையில இருக்கு. கேக்கச் சிரிப்பாத்தான் இருக்கும், ஆனா நெசம் அதுதான்.

நமக்கு ஊரு நெடுங்குளம். பேரு சோணைமுத்து. மழையப் பாத்து விதைக்கிற பூமி. தட்டாம்பயறு நல்லா வரும். ஆனா எங்க ஊர்ல பயற விளைய வைக்கிறது பெரிய காரியம் இல்ல தம்பி, விளைஞ்சத வச்சுக் காப்பாத்துறதுதான் காரியம். தை மாசம் டிரம்ம நிறைச்சு வச்சா, ஆடியில திறக்கும்போது பயறு இருக்காது. பொத்தலும் மாவும்தான் இருக்கும். தகரத்துல காத வச்சா உள்ள கொறகொறங்கும். மறு விதைப்புக்கு ஊரே கடையில போய் நிக்கும். என் வீட்டுல மட்டும் அந்தப் பேச்சே கிடையாது.

ஒரு பொத்தல் கிடையாது. கல்யாணம் ஆன வருசத்துல இருந்து ஒரு பொத்தல் நான் பாத்ததில்ல. டிரம்மத் திறந்தா பயறு மினுமினுன்னு மின்னும். வண்டு வரும், ஒரு சுத்து சுத்தும், பேசாம அடுத்த வீட்டுக்குப் போயிரும்.

ஏன்னு கேளுங்க. கேக்க மாட்டேங்கிறீகளே. சரி, நானே சொல்றேன். ரோஷம். என் பயறுக்கு ரோஷம் உண்டு. அதெல்லாம் வளர்ப்புல வர்றது. தினம் காலையில பல்லு விளக்குனதும் நேரா பயறு வச்சிருக்கற உள் அறை வாசல்ல போய் நிப்பேன். ஒரு செருமல். மீசைய ஒரு முறுக்கு. அவ்வளவுதான். உள்ள இருக்கற பயறுக்கு அது தைரியம், வெளிய சுத்துற வண்டுக்கு அது எச்சரிக்கை. காய்ச்சல்ல எந்திரிக்க முடியாமக் கிடந்தப்பக்கூட, கட்டில்ல இருந்தே செருமுனேன்னா பாத்துக்கங்க.

அந்தா, லேடீஸ் சீட்டுல பச்சைச் சீலை. திரும்பிப் பாக்குறா பாருங்க. அதுதான் பஞ்சவர்ணம், நம்ம சம்சாரம். ரொம்ப நல்ல மாதிரி. சொன்ன பேச்சு கேப்பா. கல்யாணமான புதுசுல ஒரு சம்பவம். முதல் வெள்ளாமை வீட்டுக்கு வந்திருக்கு. நான் வெளிய போயிட்டு வந்து பாக்குறேன், இவ முறத்துல பயறக் கொட்டி, கையில விளக்கெண்ணெய ஊத்தித் தடவிக்கிட்டு உக்காந்திருக்கா. என்னாடி இதுன்னேன். "எங்க வீட்டுல இப்படித்தாங்க செய்வோம். எண்ணெய் பட்டா வண்டு விழாது"ன்னா.

எனக்கு வந்துச்சே கோவம்! அப்ப என் பயறு என்ன நோஞ்சானா? அது தன்னப் பாத்துக்கிறாதா? "இந்தாரு, விளக்கெண்ணெய் மீசைக்கு. பயறுக்கு இல்ல. என் பயறுல இனிமே ஒரு சொட்டு எண்ணெய் பட்டுச்சுன்னு என் காதுல விழுந்துச்சு, அந்தப் பயற நான் கையாலகூடத் தொட மாட்டேன்"னுட்டேன். அவ கையச் சீலையில துடைச்சுக்கிட்டா. "சரிங்க"ன்னா. அம்புட்டுத்தான். அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அப்படி ஒரு சேதி என் காதுல விழுந்ததே இல்ல. பொம்பளைன்னா அப்படி இருக்கணும்.

ஒரே ஒரு குறை உண்டு அவகிட்ட. மூட்டுவலி. மீசைக்குன்னு நான் வாங்கி வைக்கிற விளக்கெண்ணெய் எங்க போகுதுன்னே தெரியாது. நான் வைக்கிறது விரல் நுனியில ஒரு தொடல். ஆனா பாட்டில் தண்ணி மாதிரி காலியாகும். கேட்டா, மூட்டுக்குத் தேய்ச்சேங்கிறா. அதுவும் எல்லாருக்கும் முன்னாடி சீலைய வழிச்சுக்கிட்டா தேய்க்க முடியும்? கூச்சம். அதனால உள் அறையில போய்க் கதவச் சாத்திக்குவா. வெளிய வந்தாப் பாருங்க, முழங்கை வரைக்கும் எண்ணெய். முழங்காலுக்குத் தேய்க்கிறவளுக்கு முழங்கை வரைக்கும் ஏன் எண்ணெய் ஆகுது? பொம்பளைகளுக்கு எதுலயும் ஒரு அளவு கிடையாது தம்பி.

ஆனா எண்ணெய் வேலை செய்யுது, அதையும் சொல்லணும். சந்தைக்கு நடந்தோம்னா எனக்கு முன்னாடி போய் நிப்பா. மூட்டுவலிக்காரி மாதிரியே இருக்காது.

சரி, கதைக்கு வர்றேன். பின் சீட்டுல ஒருத்தன் பிளாஸ்டிக் பையோட உக்காந்திருக்கான் பாருங்க. திரும்பாதீக, திரும்பாதீக, அவன் பாத்துட்டா இன்னும் சிரிப்பான். அவன் வெள்ளைக்கண்ணு. பஞ்சவர்ணத்துக்குத் தம்பி, எனக்கு மச்சினன். அந்தப் பையில என்ன வச்சிருக்கான் தெரியுமா? சவரக்கத்தி, சோப்பு, பிரஷ்ஷு. கண்ணாடியும் வச்சிருக்கான். என் மீசைய எடுத்து முடிஞ்சதும் நான் என் மொகத்தப் பாக்கணுமாம். வீட்டுல இருந்து புறப்படும்போது நல்லாச் சாணை பிடிச்சுட்டுத்தான் வந்தான், நான் என் கண்ணால பாத்தேன்.

இவனுக்கும் எனக்கும் தகராறு பயறாலதான். போன வருசம் மனசிரங்கி, என் டிரம்முல இருந்து அவனுக்கு விதைக்குக் குடுத்தேன். போட்டான், விளைஞ்சுச்சு, எடுத்து வச்சான். ஆடியில வண்டு விழுந்துருச்சு. டீக்கடையில எல்லாருக்கும் முன்னாடி ஒரு கைப்பிடி பொத்தப் பயறக் கொண்டாந்து என் முன்னாடி கொட்டுறான். "அத்தான், இது நீங்க குடுத்த ரோஷம்தான். ஒவ்வொரு ரோஷத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு, எண்ணிக்கங்க"ன்னான்.

கடையே சிரிக்குது. நான் விடல. "பயறு எங்க வீட்டுப் பயறுதாண்டா. வளர்ப்பு உன் வளர்ப்பு. என்னைக்காவது வாசல்ல நின்னு செருமியிருக்கியா? உன்கிட்ட முறுக்குறதுக்கு என்ன இருக்கு?"ன்னேன். அவனுக்கு மீசை ஒழுங்கா வராது தம்பி. அங்க ஒண்ணு இங்க ஒண்ணா நிக்கும். அது அவனுக்குப் பொறுக்காத விஷயம்.

அந்தச் சமயம் பாத்து எங்க ஊர்ல விவசாயிக கூட்டம் போட்டாக. பயறு ஆராய்ச்சி நிலையத்துல இருந்து ஒரு மேடம் வந்தாக, ஜெசிந்தா மேடம். சின்ன வயசு, நல்லாப் பேசுனாக. "சில ரகப் பயறுல வண்டு முட்டை வைக்கவே யோசிக்கும். சிலதுல முட்டை வச்சாலும் புழு உள்ள போய்ச் செத்துரும். தோல் தடிமனா இருக்கலாம், உள்ள புழுவுக்கு ஒத்துக்காத சத்து இருக்கலாம். அப்படி ஒரு ரகத்தத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்"னாக.

நான் எந்திரிச்சிட்டேன். "மேடம், தேட வேண்டாம். எங்க வீட்டுல இருக்கு"ன்னேன்.

மேடம் மொகத்தப் பாக்கணுமே! நெசமாவான்னு கேக்குறாக. வருசக்கணக்கா ஒரு பொத்தல் கூட இல்லையான்னு கேக்குறாக. இல்லவே இல்லன்னேன். அப்படி மட்டும் இருந்தா அது பெரிய விஷயம் அய்யா, அத வச்சுப் புது ரகமே உண்டாக்கலாம்னாக. நான் அங்கேயே பேரும் வச்சுட்டேன். சோணை ஒண்ணு. ரெண்டு, மூணு பின்னாடி வரும்ல, அதுக்காக ஒண்ணு.

வெள்ளைக்கண்ணு கூட்டத்துலயே கையத் தூக்குனான். "மேடம், அந்தப் பயறுல வண்டு விழுந்துச்சுன்னா எங்க அத்தான் மீசைய எடுத்துருவாரு"ங்கிறான். நான் எங்கடா சொன்னேன்? ஆனா ஊரே பாக்குது. மேடம் பாக்குறாக. என்ன செய்ய? "எடுத்துர்றேன்டா! விழலன்னா நீ தினமும் டீக்கடையில, டீ கையில வாங்குறதுக்கு முன்னாடி, அத்தான் சொன்னதே சரின்னு சத்தமாச் சொல்லணும்"னேன். பந்தயம் கட்டியாச்சு. பஞ்சவர்ணம் மட்டும் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அவளுக்குச் சந்தோசம் தாங்கல போல.

ஒரு நல்ல நாள் பாத்துப் பயறக் கொண்டு போனேன். அப்ப இவ வரல, நான் மட்டும்தான். மேடம் ஒரு கைப்பிடி எடுத்தாக. விரலால தடவுனாக. மோந்து பாத்தாக. அப்புறம் என் மீசையப் பாத்தாக. மறுபடி பயறு. மறுபடி மீசை. ரெண்டும் ஒரே மினுக்கு தம்பி, அதுல அசந்து போயிட்டாக. "அய்யா, இதுல ஏதாவது தடவுறீங்களா?"ன்னாக. "எங்க பரம்பரையிலயே அந்தப் பழக்கம் இல்ல மேடம்"னேன். "வீட்டுல பயறப் பாத்துக்கிறது யாரு?"ன்னாக. நான்தான்னேன். வாசல்ல நின்னு செருமுறது நான்தானே? காய வைக்கிறது, கொட்டி வைக்கிறது, அப்பப்பக் கிளறி விடுறது எல்லாம் அவ. அதெல்லாம் சில்லறை வேலை, மேடத்துகிட்ட எதுக்குன்னு சொல்லல.

அதுக்கப்புறம்தான் அந்த அநியாயம் நடந்துச்சு. ஒரு கண்ணாடிக் குவளையில சோப்புத் தண்ணி மாதிரி என்னமோ ஊத்தி, என் பயற அதுல போட்டு அலசுறாக. அலசுறாகன்னா, குழந்தையத் தேய்ச்சுக் குளிப்பாட்டுற மாதிரி. நான் பதறிட்டேன். "மேடம் மேடம், என்ன பண்றீக?"ன்னேன். மேல ஏதாவது ஒட்டியிருந்தாக் கணக்குத் தப்பிரும் அய்யா, பயறுக்குள்ள எதிர்ப்பு இருக்கான்னுதானே பாக்கணும்னாக. அலசுன தண்ணிக்கு மேல மினுமினுன்னு ஏடு கட்டி நிக்குது. "இது என்ன அய்யா?"ன்னு என்கிட்டயே கேக்குறாக.

"அதான் மேடம் ரோஷம். போச்சு. எல்லாம் தண்ணியோட போச்சு"ன்னேன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மேடம் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாக. தோளு குலுங்குச்சு. அவுகளுக்கும் அழுகை வந்துருச்சுன்னு நெனைக்கிறேன்.

அலசிக் காய வச்சு, சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுல போட்டு, வண்ட விட்டாக. ஆணும் பொண்ணுமா ஜோடி போட்டு விட்டாக. அந்த வண்டுகள நீங்க பாக்கணுமே! ஏசி அறையில பொறந்து, ஏசி அறையில வளந்து, வேளைக்குச் சோறு, கவனிக்க ஆளு. வெயில் தெரியுமா, பெரிய மனுசன் தெரியுமா? நான் தட்டுக்கிட்டக் குனிஞ்சு ஒரு செருமல் போட்டேன். ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்கல. அதது சோடியோட வேலையப் பாத்துக்கிட்டு இருக்கு. அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

ஒரு மாசம் கழிச்சுப் போன் வந்துச்சு. போய்ப் பாத்தா, அந்த வண்டுக என் பயற, வெள்ளைக்கண்ணு வீட்டுப் பயறே தேவலைங்கிற மாதிரி ஆக்கி வச்சிருக்குக. மேடம் ரொம்பப் பக்குவமாச் சொன்னாக. "வருத்தப்படாதீங்க அய்யா, இது சாதாரண நாட்டுப் பயறுதான்"னாக. சாதாரண பயறு! தம்பி, நம்ம பிள்ளைய நம்ம முன்னாடியே ஒருத்தர் சாதாரணம்னு சொன்னா எப்படி இருக்கும்?

நான் சண்டை போட்டேன். கழுவுனது செல்லாது, அசலூரு வண்டு செல்லாதுன்னேன். குளிப்பாட்டி, குளிர்ல நடுங்க வச்சு, முன்னப் பின்னத் தெரியாத வண்டோட ஒரே தட்டுல அடைச்சு வச்சா எந்தப் பயறுக்குத்தான் ரோஷம் நிக்கும்? மேடம் பொறுமையாக் கேட்டாக. கடைசியில, "சரி அய்யா. இன்னொரு தடவை கழுவாமலே வச்சுப் பாப்போம். நீங்க சொல்ற வண்டையே கொண்டாங்க. முட்டை வச்சா வெள்ளைப் புள்ளியா ஒட்டியிருக்கும், சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சுரும். ஆனா வரும்போது உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க"ன்னாக. அவ எதுக்குன்னேன். "அவங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்"னாக.

எனக்குப் புரிஞ்சு போச்சு. உங்களுக்குப் புரியுதா? பொன்னாடை தம்பி. பொன்னாடை போத்தும்போது போட்டோவுல புருசன் பொண்டாட்டியா நின்னாத்தான் நல்லா இருக்கும். சந்தேகம் கேக்கணும்கிறது சும்மா ஒரு பேச்சுக்கு. இவகிட்டக் கேக்குறதுக்கு என்ன இருக்கு, பாவம்.

வெள்ளைக்கண்ணு மட்டும் குதிச்சான். பந்தயம் முடிஞ்சு போச்சு, உக்காருங்க எடுத்துருவோம்னான். டீக்கடையில உள்ளவுக தீர்ப்புச் சொன்னாக. சரிப்பா, மறு பரீட்சைக்குப் போயிட்டு வரட்டும், ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிஞ்சாலும் அங்கேயே எடுத்துரணும்னாக. வண்டு யாரு குடுத்தாங்கிறீக? அவனேதான். அவன் வீட்டு டிரம்முல பிடிச்சதுதான் இதெல்லாம். இவன் வீட்டு வண்டுக்கு என்னைய நல்லாத் தெரியும். தினமும் எங்க வீட்ட ஒரு சுத்து சுத்திட்டு வந்ததுகதானே?

என்ன, வண்டி நிக்குது? டீக்கா? சரி வாங்க, ஒரு வாய் குடிச்சுட்டு வருவோம். ஏ பஞ்சவர்ணம், இந்தப் பையப் பிடி. நான் சொல்றதுக்குள்ள அவளே கைய நீட்டிட்டா பாருங்க. நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேங்கிறா. அவளும் ஒரு வாய் குடிக்கலாம்ல? வேணாமாம். மூட்டு வலிக்குதாம். வழியில வலிக்கும்னு எண்ணெய் பாட்டிலையும் கையோட எடுத்துட்டு வந்திருக்கா, அதத் தேய்ச்சுக்கிறாளாம். நீ தேய்ம்மா. நாங்க மெதுவா வர்றோம்.

உக்காருங்க, உக்காருங்க. டீ நல்லாவே இல்ல. எங்க விட்டேன்?

ஆமா, மீசை. உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? இனிமே நீங்க யாரோ நான் யாரோ, அதனால சொல்றேன். மீசை போறதப் பத்திக்கூட எனக்குப் பெரிய கவலை இல்ல தம்பி. மயிருதானே, வளரும். வெள்ளைக்கண்ணு சிரிப்பான், டீக்கடை சிரிக்கும், சிரிச்சுட்டுப் போகட்டும். இவ முன்னாடி தோக்கக் கூடாது. அதான். அது மட்டுந்தான் எனக்குப் பயம்.

இத்தனை வருசமா என் பயறு, என் ரோஷம், என் செருமல்னு வீட்டுக்குள்ள நான் அடிக்காத பெருமை இல்ல. ஊர்ல ஒருத்தன் நம்புனதில்ல. எங்க பெரியவன்கூட, "அப்பா, செருமுனா வண்டு போகும்னு வெளிய சொல்லாதீக"ம்பான். இவ ஒருத்தி, ஒரு நாள், ஒரு வார்த்தை, 'இல்ல'ன்னு சொன்னதில்ல தம்பி. நான் செருமிட்டுத் திரும்புனா, அடுப்படியில இருந்து, "இன்னைக்கு ஒரு வண்டும் வராதுங்க"ம்பா. அப்படி ஒரு நம்பிக்கை. உலகத்துல என்னைய முழுசா நம்புறது அந்த ஒரு ஜீவன்தான். சாயங்காலம் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிஞ்சுச்சுன்னா, அவ மொகத்த நான் எப்படிப் பாப்பேன்? நேத்து ராத்திரி சோறு இறங்கல எனக்கு.

அது என்னமோ தூசி விழுந்துருச்சு கண்ணுல. ஜன்னல் பக்கம் உக்காந்தா இதான்.

இந்தாங்க, பையத் திறந்து காட்டுறேன். கையில அள்ளிப் பாருங்க. எப்படி மின்னுது! காலையில பாத்ததுக்கு இப்ப ரெண்டு மடங்கு மின்னுது. எடம் மாறுனதும் அதுக்கே ஒரு எழுச்சி வந்துருச்சு. என்ன? பிசுபிசுங்குதா? எங்க காட்டுங்க. ஆமா, கொஞ்சம் பிசுபிசுப்பாத்தான் இருக்கு. பையிலகூட அடியில ஈரம் ஊறியிருக்கு.

வேர்வை தம்பி! பயறுக்கு வேர்க்குது. பரீட்சைக்குப் போகுதுல்ல, பதட்டம் இருக்காதா? பாவம், போன தடவை பட்டது அதுக்கும் மறக்கல. பயப்படாத சாமி, இந்தத் தடவை யாரும் குளிப்பாட்ட மாட்டாக. நான் பேசி வச்சிருக்கேன்.

விளக்கெண்ணெய் வாசமா? அது என் மீசை. காலையில கொஞ்சம் கூடுதலாத் தேய்ச்சுட்டேன். கடைசி நாளா இருந்தாலும் இருக்கும்னு.

நீங்க இன்னும் நம்பல. மொகமே சொல்லுது. சரி, உங்க கண்ணு முன்னாடியே காட்டிர்றேன். பாட்டிலப் பிடிங்க. துணிய லேசாத் தளத்துறேன். ஒண்ணே ஒண்ணு. வா, வெளிய வா. பாத்தீகளா, என் உள்ளங்கையில பயறு, அது மேல வண்டு. பாத்துக்கிட்டே இருங்க.

போகுது... மோந்து பாக்குது... அய்யோ அய்யோ, திரும்பிருச்சு! பாத்தீகளா திரும்புனத! ஓட்டத்தப் பாருங்க! கையில ஏறி, சட்டையில ஏறி, தட்டாதீக தட்டாதீக, சாட்சிய அடிச்சுராதீக! கழுத்துக்கு வந்துருச்சு. கூசுது. கன்னத்துக்கு வந்துருச்சு. இப்ப எங்க இருக்கு? மீசையிலயா? அசையாம இருக்கேன், நீங்களே பாத்துச் சொல்லுங்க. என்ன செய்யுது? விழுந்துருச்சா?

மீசையத் தொட்டதும் விழுந்துருச்சா! தம்பி, இதுக்கு மேல என்ன வேணும்? என் பயறப் பாத்து ஓடுது, என் மீசையப் பாத்து விழுந்துருச்சு. ரெண்டுக்கும் ஒரே ரோஷம்! ஏய் வெள்ளைக்கண்ணு, பாத்தியாடா? நீ அந்தக் கத்திய எடுத்து உள்ள வையி! நாளைக்குக் காலையில டீக்கடையில சத்தமாச் சொல்றதுக்குத் தொண்டையத் தயார் பண்ணு!

ஏன் நீங்க இப்படிக் குனிஞ்சுக்கிட்டுச் சிரிக்கிறீக? எதுக்கு பஞ்சவர்ணத்தப் பாக்குறீக? அவளும் சிரிக்கிறாளா? சிரிப்பா, சிரிப்பா. இன்னைக்கு அவ புருசன் ஜெயிக்கப் போறான்ல. ஏ புள்ள, பாத்தியா! அங்க பாருங்க, வாயப் பொத்திக்கிட்டு உங்களப் பாத்து என்னமோ கைய ஆட்டுறா. சொல்லாதீகங்கிற மாதிரி இருக்கு. என்னத்தச் சொல்லாதீகங்கிறா? ஓ, கண்ணு பட்டுரும்னு. வெளிய சொன்னா திருஷ்டி விழும்ல. விவரமானவதான்.

ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிரியிற பண்ணை விலக்கு வந்துருச்சு, நாங்க இறங்கணும். வர்றோம் தம்பி. பேசிக்கிட்டே வந்ததுல நேரம் போனதே தெரியல. ஏ பஞ்சவர்ணம், பாத்து இறங்கு! வண்டி நிக்கட்டும்! மூட்டு வலிக்கும்!

அடடா, குதிச்சுட்டா பாருங்க. வண்டி நிக்கவே இல்ல, அதுக்குள்ள இறங்கி, இடுப்புல கைய வச்சுக்கிட்டு எனக்காக நிக்கிறா. நான்தான் கம்பியப் பிடிச்சு இறங்க வேண்டியிருக்கு. அந்த விளக்கெண்ணெய் அவ்வளவு அருமையான எண்ணெய் தம்பி. நீங்களும் ஒரு பாட்டில் வாங்கி வீட்டுல வச்சுக்கங்க. மீசைக்கு நல்லது, மூட்டுக்கு நல்லது. பயறுக்கு மட்டும் தடவிராதீக. கெட்டுப் போகும்.